காலிஃபிளவர் மேல் பழி போடாதீர்கள்

குளிர்காலம் வந்து வெரிபீ பக்கம் காலிஃபிளவர் விலை இறங்கியதுமே, மெல்பர்ன் மேற்குப் புறநகர்த் தமிழர்களின் வாட்ஸப் குழுக்களில் அந்தச் செய்தியும் சுற்றத் தொடங்கிவிடும். "வெரிபீ காய்கறி வாங்காதீங்க. சாக்கடைத் தண்ணி பாய்ச்சி வளர்க்கிறாங்க. காலிஃபிளவர்ல இருக்கிற நாடாப்புழு முட்டை மூளைக்குப் போயிடும். எல்லாருக்கும் அனுப்புங்க." கூடவே ஒரு மூளை ஸ்கேன் படம், நெளிகிற பச்சைப் புழுவின் படம்.

இந்த முறை அதை எனக்கு அனுப்பியவர் என் சித்தி. மகளின் பிரசவத்துக்காக ஈரோட்டிலிருந்து தார்னெட் வந்திருக்கிறார். "நீதான் இதையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறியே, இது நெசமா கண்ணு? புள்ளத்தாச்சிப் பொண்ணுக்குக் குடுக்கலாமா, வேண்டாமா?" என்று குரல் பதிவும் போட்டிருந்தார். அவருக்குப் போனில் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்தச் செய்தியில் உண்மை ஒரு பங்கு இருக்கிறது, பொய் மூன்று பங்கு இருக்கிறது. பொய்யை நம்பி நல்ல காயைத் தள்ளிவிடுகிறோம். அந்தப் பயத்தில், நிஜமாகக் கவனிக்க வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை.

வெரிபீ தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

உண்மையான பங்கிலிருந்தே தொடங்குகிறேன். வெரிபீ தெற்கில் விளையும் காலிஃபிளவர், ப்ராக்கோலி, முட்டைகோஸ், லெட்யூஸ் எல்லாவற்றுக்கும் பாயும் தண்ணீரில் ஒரு பகுதி, மெல்பர்ன் நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கிடைத்த தண்ணீர்தான். இதை யாரும் மறைக்கவில்லை.

கதை பழையது. 1880-களில் மெல்பர்ன் தங்கத்தால் கொழுத்த நகரம், ஆனால் பாதாளச் சாக்கடை கிடையாது. மலக்கூடைகளை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டிய காலம். டைஃபாய்டு வருடம் தவறாமல் ஆட்களைக் கொண்டுபோனது. ஊர் நாற்றம் வெளிநாடு வரை கேலிக்கு ஆளானது. கடைசியில் 1897-இல் வெரிபீயில் கழிவுநீர்ப் பண்ணை இயங்கத் தொடங்கியது. ஸ்பாட்ஸ்வுட் நீரேற்று நிலையத்தில் நீராவி எஞ்சின்களை வைத்து, நகரத்துக் கழிவை அங்கே தள்ளினார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாம் போகிற சயின்ஸ்வொர்க்ஸ் அருங்காட்சியகத்தின் பழைய செங்கல் கட்டடம் அந்த நீரேற்று நிலையம்தான். வெரிபீ பண்ணைக்கு இன்று மேற்குச் சுத்திகரிப்பு நிலையம் என்று பெயர். ஏறத்தாழ 10,500 ஹெக்டேர் பரப்பு. மெல்பர்னின் கழிவுநீரில் பாதியளவு இங்கேதான் வருகிறது. பறவை பார்ப்பவர்களுக்கு அது சொர்க்கம், ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட ஈரநிலம்.

1997-இல் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்த பெரும் வறட்சியில் வெரிபீ ஆறு வற்றியது. தோட்டக்காரர்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்கள், பயிரைக் காப்பாற்ற வழியில்லாமல் நின்றார்கள். அப்போதுதான், 2005-இல், சுத்திகரித்த நீர் அவர்கள் வாய்க்காலுக்கு வந்தது. 'ஏ' வகுப்பு மறுசுழற்சி நீர் என்று அதைச் சொல்கிறார்கள். பச்சையாகச் சாப்பிடும் காய்கறிக்கும் பாய்ச்சலாம் என்று விக்டோரியா மாநிலத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கும் தரம் அது ஒன்றுதான்.

அந்தத் தரத்தின் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு குடற்புழு முட்டைகூட இருக்கக் கூடாது. 50 லிட்டரில் ஓரணு ஒட்டுண்ணி ஒன்றுகூட இருக்கக் கூடாது. 100 மில்லியில் ஈ.கோலி பாக்டீரியா பத்துக்கும் கீழே இருக்க வேண்டும். இதை எப்படிச் சாதிக்கிறார்கள்? கலங்கிய குளத்துத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்தால் வண்டல் அடியில் தங்குமே, அதே போல் பெரிய பெரிய குட்டைகளில் தண்ணீரை நாள் கணக்கில் நிறுத்தி வைக்கிறார்கள். புழு முட்டை தண்ணீரைவிடக் கனமானது, அடியில் படிந்துவிடுகிறது. கிரிப்டோஸ்போரிடியம் மாதிரியான ஓரணு ஒட்டுண்ணிகள் மிகச் சிறியவை, குளோரினுக்கும் அசையாதவை. அவற்றுக்குப் புற ஊதாக் கதிர். மிச்சமிருக்கும் பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் குளோரின். ஒவ்வொரு எதிரிக்கும் ஒவ்வொரு தடை.

சித்தியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப நம்மூரு வாய்க்கால் தண்ணியவிட இது தேவலையா?" என்று கேட்டார். பல ஊர்களில் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். மாடு இறங்கிய ஓடையிலிருந்து நேரே பாய்ச்சும் தோட்டத்தை நாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. அளந்து பார்த்து அனுப்பும் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறோம்.

பச்சைப் புழுவும் மூளைப் புழுவும்

அடுத்து, படத்தில் நெளிந்த அந்தப் பச்சைப் புழு. காலிஃபிளவர் பூவுக்குள்ளும் முட்டைகோஸ் இலைக்குள்ளும் இருப்பது வண்ணத்துப்பூச்சியின் அல்லது அந்துப்பூச்சியின் புழு. நம் ஊர் விவசாயிகள் வைரமுதுகு அந்துப்பூச்சி என்று சொல்வார்களே, அதன் வகையறா. அது இலை தின்கிற பூச்சி. மனிதன் உடம்பில் அதற்கு வேலை இல்லை. தெரியாமல் வெந்து வயிற்றுக்குள் போனாலும் அது மூளைக்குப் போகாது, குடலிலும் வளராது. பார்க்க அருவருப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

மூளைக்குப் போகிற புழு வேறு. அது பன்றி நாடாப்புழு. அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாது. அதன் வாழ்க்கையை ஒரு தடவை நிதானமாகப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும், மீதிப் பயம் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும்.

வளர்ந்த நாடாப்புழு வாழ்வது மனிதக் குடலில் மட்டும். சரியாக வேகாத, கொப்புளங்கள் உள்ள பன்றி இறைச்சியைச் சாப்பிட்டவர் வயிற்றில் அது மீட்டர் கணக்கில் வளரும். பெரும்பாலும் அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. அவருடைய மலத்தில் அதன் முட்டைகள் வெளியே வரும். வெட்டவெளியில் போகும் மலத்தைத் தின்னும் பன்றிக்குள் அந்த முட்டை பொரிந்து, தசையில் கொப்புளமாகத் தங்கும். அதே முட்டை அழுக்குத் தண்ணீர் வழியாகவோ, கழுவாத கை வழியாகவோ இன்னொரு மனிதர் வாய்க்குள் போனால், அவர் உடம்பிலும் அதே மாதிரி கொப்புளம் கட்டும். அது மூளையில் கட்டினால் வலிப்பு.

ஆக, இறைச்சி சாப்பிட்டவருக்கு வருவது குடலில் புழு. முட்டை சாப்பிட்டவருக்கு வருவது மூளையில் கொப்புளம். பன்றி இறைச்சியைத் தொட்டே பார்க்காதவருக்கும், பிறந்ததிலிருந்து சைவமாக இருப்பவருக்கும் மூளையில் வரலாம், வந்திருக்கிறது. முட்டை காலிஃபிளவரில் உற்பத்தியாவதில்லை. எங்கோ ஒரு மனிதரிடமிருந்து வந்து அதன் மேல் ஒட்டுகிறது. கையிலும் ஒட்டும், கொத்தமல்லியிலும் ஒட்டும், வெள்ளரிக்காயிலும் ஒட்டும். இத்தனை இருக்க, காலிஃபிளவரும் முட்டைகோஸும் மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றன? உள்ளே பச்சைப் புழு நெளிவதைக் கண்ணால் பார்த்தவர்கள், காதால் கேட்ட மூளைப் புழுவோடு அதை முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இது நமக்குத் தூரத்து விஷயம் கிடையாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர் வேதாந்தம் ராஜசேகரும் அவர் குழுவினரும் வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்து ஆராய்ந்தார்கள். 2006-இல் அவர்கள் வெளியிட்ட முடிவுப்படி, அங்கே வலிப்பு நோயோடு வாழ்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த மூளைக் கொப்புளம்தான் காரணம். காக்காய் வலிப்பு என்று பெயர் வைத்து, கையில் இரும்புச் சாவியைக் கொடுத்து, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாது என்று ஒதுக்கினோமே, அவர்களில் எத்தனையோ பேருக்கு நடந்தது இதுதான். தடுத்திருக்கக் கூடிய நோய் அது. மருந்து இருக்கிற நோய்.

நியூயார்க்கிலும் இது நடந்தது. பன்றி இறைச்சியை மதக் கட்டளையாகவே விலக்கிய ஆர்த்தடாக்ஸ் யூதக் குடும்பங்களில் சிலருக்கு மூளையில் இதே கொப்புளம். எப்படி என்று குழம்பித் தேடினால், வீட்டு வேலைக்கு வந்தவர்களில் சிலர், தங்களுக்கே தெரியாமல், குடலில் நாடாப்புழுவைச் சுமந்திருந்தார்கள். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 1992-இல் இது வெளிவந்தது. அவர்கள் மேல் பழி சொல்ல எதுவுமில்லை. ஒரு வேளை மாத்திரையில் போகக் கூடிய புழுவை யாரும் அவர்களிடம் தேடவில்லை, மருந்தும் கொடுக்கவில்லை. நம் ஊரிலும் இந்தப் பேச்சு வந்தால் விரல் உடனே பன்றி வளர்க்கும் ஏழைக் குடும்பங்களை நோக்கி நீளும். கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் அவர்கள் தெருவுக்கு எட்டாததற்கு அவர்களா பொறுப்பு?

வெரிபீயிலிருந்தே வந்த மருந்து

இப்போது சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காலிஃபிளவர் தோட்டங்கள் இருக்கிற அதே வெரிபீயில்தான் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ மையமும் இருக்கிறது. அங்கே மார்ஷல் லைட்டவுலர்ஸ் என்ற விஞ்ஞானி தன் வாழ்நாள் உழைப்பை நாடாப்புழுக்களுக்கு எதிரான தடுப்பூசிகளுக்குக் கொடுத்தார். பன்றிக்குப் போடும் தடுப்பூசி ஒன்றை அவர் குழு உருவாக்கியது. கேமரூன் நாட்டில் கிராமத்து வீடுகளில் வளரும் பன்றிகளுக்கு அந்த ஊசியையும் ஒரு வேளை பூச்சி மருந்தையும் கொடுத்துச் சோதித்தார்கள். 2010-இல் முடிவு வெளிவந்தது. ஊசி போட்ட பன்றிகளில் ஒன்றில்கூடக் கொப்புளம் இல்லை.

அந்த ஊசியைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம். வேலூரின் வலிப்புக்குக் காரணமான புழுவின் சங்கிலியை அறுக்கும் கருவி, வெரிபீயில் பிறந்து ஹைதராபாத்தில் புட்டியில் அடைபடுகிறது. "வெரிபீ காய் வாங்காதே, மூளைப் புழு வரும்" என்று செய்தி அனுப்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். அந்தப் புழுவை ஒழிக்க உலகத்தில் மிக அதிகமாக உழைத்த இடங்களில் வெரிபீயும் ஒன்று.

ஆஸ்திரேலியாவில் இந்தப் பன்றி நாடாப்புழு நிலைகொண்டிருக்கவில்லை. இங்கே இந்த நோய் கண்டவர்கள் பெரும்பாலும் வேறு நாடுகளில் அதை வாங்கி வந்தவர்கள். இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10 அன்று நடக்கிறது. ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரையான பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்த பின் வயிற்றுக் கோளாறு விடாமல் இருந்தால், பயண விவரத்தை மறைக்காமல் இங்கே உங்கள் குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள். புதிதாக வலிப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த நாட்டில் இருந்தோம் என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு இந்த நோய் நினைவுக்கு வரும்.

கவலைப்பட வேண்டிய இடம்: சிட்னிக் கொல்லைப்புறம்

நிஜமாகக் கவனிக்க வேண்டிய இடம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். சிட்னியில், வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி பக்கத்துத் தமிழ் வீடுகளின் கொல்லைப்புறத்துக்குப் போனால் மனசு குளிரும். முருங்கை, கறிவேப்பிலை, நிழலோரம் வல்லாரை, குழாயடியில் புதினா. யாழ்ப்பாணத்து வீடுகளில் வல்லாரைச் சம்பல் இல்லாத வாரம் குறைவு. பச்சை வல்லாரையை மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்தால் முடிந்தது. அடுப்பு தேவையில்லை. அதுதான் அதன் ருசி, அதுவே அதன் அபாயமும்.

சிட்னியைச் சுற்றியும் குயின்ஸ்லாந்திலும் எலி நுரையீரல் புழு என்று ஒன்று இருக்கிறது. சீனத்தின் கான்டன் நகரத்து எலிகளில் 1935-இல் முதலில் விவரிக்கப்பட்டது. அது எப்படிப் பரவுகிறது என்று உலகத்துக்குக் காட்டியது பிரிஸ்பேனில்தான். ஜோசபின் மக்கரஸ், டொரோதியா சாண்டர்ஸ் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 1955-இல் அதன் முழு வாழ்க்கைச் சுழற்சியையும் வெளியிட்டார்கள். எலியின் நுரையீரல் ரத்தக் குழாயில் வாழும் புழுவின் குஞ்சுகள் எலிப் புழுக்கையில் வெளியே வரும். நத்தையும் ஓடில்லா நத்தையும் அதைத் தின்னும். அந்த நத்தையை எலி தின்றால் புழு முதலில் மூளைக்குப் போய், அங்கே கொஞ்சம் வளர்ந்து, பிறகு நுரையீரலுக்கு வந்து சேரும். மனிதர் வாய்க்குள் போனாலும் அது அதே பாதையில்தான் மூளைக்குப் போகிறது. ஆனால் நம் உடம்பில் அதற்கு மேலே வழி கிடையாது. மூளையிலேயே செத்து, சுற்றிலும் வீக்கத்தை உண்டாக்கும். கடுமையான தலைவலி, கழுத்து இறுக்கம், தோலில் ஊசி குத்துவது போன்ற எரிச்சல் எல்லாம் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் தொடங்கலாம். பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். சிலர் தேறுவதில்லை. 2010-இல் சிட்னியில் நண்பர்கள் பந்தயம் கட்ட, ஓர் இளைஞர் ஓடில்லா நத்தையை விழுங்கினார். அந்த ஒரு விளையாட்டு அவரைப் படுக்கையில் தள்ளியது. எட்டு வருடம் கழித்து அவர் இறந்தார்.

நாம் யாரும் நத்தையை விழுங்கப் போவதில்லைதான். ஆனால் 2000-இல் ஜமைக்காவுக்குச் சுற்றுலா போன சிகாகோ மருத்துவ மாணவர்கள் 23 பேரில் 12 பேருக்கு இந்த நோய் வந்தது. விசாரித்ததில் சந்தேகம் போய் நின்றது ஒரு சாலட்டில். லெட்யூஸ் இலையோடு அரைபட்ட குட்டி நத்தையை யார் பார்த்திருக்கப் போகிறார்கள்?

வல்லாரைக்கு வாருங்கள். அது தரையோடு படர்கிற கொடி. கணுவுக்குக் கணு வேர் விடும், ஈரத்தில்தான் தழைக்கும். இலை கிண்ணம் மாதிரி குவிந்திருக்கும், காம்பு சேரும் இடத்தில் ஒரு பிளவு இருக்கும். அரிசி மணி அளவு குட்டி நத்தை மழை நாளில் போய் ஒட்டிக்கொள்வது அந்தப் பிளவில், இலையின் அடிப்பக்கத்தில். கட்டாக அள்ளித் தண்ணீரில் நான்கு முறை முக்கி எடுத்தால் மண் போகும். அது போகாது.

வெண்ட்வொர்த்வில்லில் இருக்கும் ஓர் அக்காவிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்ன முறையை நான் அப்படியே பின்பற்றுகிறேன். "தங்கச்சி, வல்லாரையைக் கட்டாக் கழுவக் கூடாது. ஒவ்வொரு இலையா எடுத்து, திருப்பிப் பார்த்து, ஓடுற தண்ணியிலை விரலாலை தடவ வேணும். மழை பெய்ஞ்ச கிழமை எண்டால் நான் சம்பல் போடமாட்டன், வறைதான்." வறுத்துவிட்டால் சூட்டில் புழு சாகும். இதைவிட நல்ல யோசனையை எந்தச் சுகாதாரத் துறை அறிக்கையிலும் நான் படிக்கவில்லை.

உப்பு, மஞ்சள், வினிகர்

காலிஃபிளவரை உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் முக்கி எடுப்பது நம் வீடுகளில் அம்மா காலத்துப் பழக்கம். நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் அதில் வேலை செய்வது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உப்புத் தண்ணீர் பச்சைப் புழுவை வெளியே வர வைக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணியைக் கொல்வது கொதி. ஆறிய தண்ணீரில் உப்பையும் மஞ்சளையும் கொட்டி அரை மணி நேரம் ஊற வைத்தால், கொல்லும் வேலை எதுவும் நடக்காது.

வினிகரும் எலுமிச்சையும் கொன்றுவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். ஆய்வுக்கூடங்களில் உருண்டைப்புழு முட்டைகளையும் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டை போன்ற உருவங்களையும் கெடாமல் உயிரோடு வைத்திருக்க, நீர்த்த கந்தக அமிலத்தில்தான் போட்டு வைக்கிறார்கள். அதிலேயே பிழைத்துக் கிடக்கிறவற்றைச் சம்பலில் பிழிகிற தேசிக்காய் என்ன செய்துவிடும்?

குளோரினும் அப்படித்தான். 1998 ஜூலை முதல் செப்டம்பர் வரை சிட்னியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். குழாய்த் தண்ணீரில் கிரிப்டோஸ்போரிடியமும் ஜியார்டியாவும் இருப்பதாகச் சோதனைகள் காட்ட, முப்பது லட்சம் பேர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். மூன்று தடவை எச்சரிக்கை வந்தது. பீட்டர் மக்லெல்லன் தலைமையில் விசாரணை நடந்தது. நோயாளிகள் எண்ணிக்கை கூடியதாகச் சுகாதாரத் துறை காணவில்லை. ஆனாலும், குளோரின் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை அன்றோடு போனது. நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்பதற்கென்றே அடுத்த ஆண்டு தனி ஆணையம் அமைத்தார்கள். காய்கறியைக் கழுவ இன்று சிட்னியிலும் மெல்பர்னிலும் குழாய்த் தண்ணீரே போதும், தாராளமாக நம்பலாம். அதற்கு மேல் காய் கழுவும் திரவம் என்று கடையில் விற்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது.

கழுவுவது கொல்வதற்காக இல்லை, அகற்றுவதற்காக. இதை மனதில் வைத்துக்கொண்டால் எப்படிக் கழுவ வேண்டும் என்பது தானாக விளங்கும். ஊற வைப்பதைவிட ஓடும் தண்ணீர் மேல். ஓடும் தண்ணீரோடு கைத்தேய்ப்பும் சேர்ந்தால் இன்னும் மேல். வெள்ளரி, கேரட், முள்ளங்கி போன்றவற்றைச் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, தோல் சீவுவதற்கு முன்பே கழுவ வேண்டும். இல்லையென்றால் தோலில் இருப்பதைக் கத்தியே உள்ளே கொண்டுபோகும். முட்டைகோஸில் மேல் இலை இரண்டு மூன்றை எடுத்துவிட்டு, மற்றதைப் பிரித்துக் கழுவுங்கள். காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்த பிறகுதான் தண்ணீர் உள்ளே போகும். கொத்தமல்லி, புதினாவை வேரும் அடித்தண்டும் நறுக்கி எறிந்துவிட்டு, தண்டு தண்டாக அலசுங்கள். கீரை ஆயும்போது இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். கழுவிய காயைக் கறி வெட்டிய பலகையில் மறுபடி வைக்காதீர்கள்.

பெர்ரிப் பழங்கள் இதில் சிக்கலானவை. 1996-இல் குவாத்தமாலாவிலிருந்து வந்த ராஸ்பெர்ரி வழியாக சைக்ளோஸ்போரா என்ற ஒட்டுண்ணி அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,400-க்கு மேற்பட்டவர்களை வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கில் படுக்க வைத்தது. ராஸ்பெர்ரியின் மடிப்புகளிலிருந்து அதைக் கழுவி எடுப்பது கடினம். இங்கேதான் தோட்டத்திலேயே தடுக்கும் சட்டம் தேவைப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் பெர்ரி, இலைக் காய்கறிகள், முலாம்பழ வகைகள் மூன்றுக்கும் புதிய பாதுகாப்பு விதிகள் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. பாய்ச்சும் தண்ணீர், போடும் எரு, பறிப்பவர்களின் கை சுத்தம், எந்தத் தோட்டத்திலிருந்து எங்கே போனது என்ற பதிவு எல்லாம் அதில் அடக்கம். 2018-இல் முலாம்பழத்தில் பரவிய லிஸ்டீரியா பாக்டீரியா உயிர்களைக் குடித்த பிறகு பிறந்த அக்கறை இது. பறிக்கும் தொழிலாளிக்கு வயலிலேயே கழிப்பறையும் கை கழுவத் தண்ணீரும் கொடுப்பது அவருக்குச் செய்யும் நியாயம், சாப்பிடும் நமக்கும் அதுதான் காவல்.

கர்ப்பிணிப் பெண்களுக்கு

சித்தியின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைத்தாச்சிப் பெண்ணுக்குக் காலிஃபிளவர் கொடுக்கலாமா? வேக வைத்துத் தாராளமாகக் கொடுக்கலாம். அவளுக்காகப் பயப்பட வேண்டியது டாக்ஸோபிளாஸ்மா. பூனையின் மலத்தில் வந்து, தோட்டத்து மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். கர்ப்ப காலத்தில் முதல் முறையாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். அதனால் தோட்ட வேலைக்குக் கையுறை, பூனைப் பெட்டியைச் சுத்தம் செய்யும் வேலை வீட்டில் வேறொருவருக்கு, மண்ணில் விளைந்ததை நன்றாகக் கழுவாமல் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள், கீமோ எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் எல்லோருக்கும் இதே எச்சரிக்கை. அவர்களுக்குச் சம்பலைவிட வறையும், சாலட்டைவிடப் பொரியலும் நல்லது.

கேட்டுவிட்டு சித்தி, "அப்ப நான் பண்ணுற காலிஃபிளவர் குருமாவுக்கு ஒண்ணும் பயமில்ல. அந்த வல்லாரைத் தொகையலத்தான் வதக்கிப் போட்டு அரைக்கோணும்," என்றார். நான் இவ்வளவு நீளமாகச் சொன்னதை அவர் இரண்டே வரியில் முடித்துவிட்டார்.

எனக்கு மிச்சம் இருப்பது ஒரு வேண்டுகோள். அடுத்த குளிர்காலத்தில் அந்தச் செய்தி மறுபடி வரும்போது சும்மா கடந்து போகாதீர்கள். பொய்ச் செய்தியால் வெரிபீ தோட்டக்காரருக்கு நஷ்டம், நம் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல காய் நஷ்டம், வலிப்போடு வாழும் நம் ஊர் மனிதருக்கோ இன்னொரு தலைமுறை மௌனம். மூளைப் புழு காயில் பிறப்பதில்லை, கழிப்பறை இல்லாத இடத்தில் தொடங்குகிறது என்று அந்தக் குழுவிலேயே எழுதுங்கள். ஊரில் நீங்கள் பணம் அனுப்பும் பள்ளிக்கு ஒரு கழிப்பறையும், கை கழுவ ஒரு குழாயும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்து அனுப்பும் பணம் அதற்குப் போகட்டும்.